பால் பைத்தான் கூண்டு: படுக்கையும் ஈரப்பதமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால் பைத்தான் (பந்து மலைப்பாம்பு) வளர்ப்பவர்கள் மருத்துவரிடம் கொண்டுபோகும் தொல்லைகள் பெரும்பாலும் மூன்று: சட்டை துண்டு துண்டாகக் கிழிவது, வயிற்றுச் செதில் புண்ணாவது, மூச்சு இரைப்பது. மூன்றுமே அது படுத்திருக்கும் தரையோடும் சுவாசிக்கும் காற்றோடும் தொடர்புள்ளவை. காற்று ஈரமாக இருக்க வேண்டும். பாம்பின் வயிறு படும் தரை நனைந்திருக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே கூண்டில் எப்படிக் கொண்டுவருவது என்பதற்கான பதில்கள் இவை.

பால் பைத்தானுக்கு எவ்வளவு ஈரப்பதம் வேண்டும்?

60 முதல் 80 சதவீதம். இது மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் பகுதிகளில் வாழும் பாம்பு. அங்கே புல்வெளி வறண்டு கிடக்கும் மாதங்களிலும் அது பகலெல்லாம் எலி வளையிலும் கரையான் புற்றிலும் பதுங்கியிருக்கும். வளைக்குள் காற்று ஓட்டம் குறைவு, மண்ணின் ஈரம் அதிகம். அந்த நாட்டின் வானிலை அறிக்கையைப் பார்த்து "வறண்ட நாட்டுப் பாம்புதானே" என்று முடிவுகட்டுவது தவறு. பாம்பு இருப்பது வளைக்குள்.

50 சதவீதத்துக்குக் கீழே வாரக்கணக்கில் போனால் சட்டை முழுதாகக் கழலாது. ஒரு மணி நேரம் 90-க்கு ஏறி இறங்கினால் பயப்பட வேண்டியதில்லை. வெப்பம் சரியாக இருந்தால்தான் இந்த எண்களுக்கும் பொருள் உண்டு: சூடான பக்கத்தில் பதுங்குமிடம் 31–32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25–27, இரவில் எங்கேயும் 23-க்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும்.

கூண்டில் இரண்டு ஈரப்பதமானி வைத்திருக்கிறேன். ஒன்று 80 காட்டுகிறது, மற்றது 50 காட்டுகிறது. எது பொய்?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். மானி காட்டுவது காற்றில் உள்ள நீரின் அளவை அல்ல. அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீரில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதை. 24 டிகிரியில் 80 சதவீதம் ஈரமுள்ள அதே காற்றை, ஒரு சொட்டு நீர் கூட்டாமல் குறைக்காமல் 32 டிகிரிக்குச் சூடாக்கினால், மானி சுமார் 50 என்று காட்டும். சூடான காற்றுக்கு வயிறு பெரிது.

இதிலிருந்து நடைமுறைக்கு வரும் பாடம் முக்கியமானது. வெப்ப விளக்குக்கு நேர்கீழே 70 சதவீதம் வர வேண்டும் என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால், குளிர்ந்த பக்கத்தில் காற்று தாங்காமல் சுவரில் நீர் சொட்டத் தொடங்கும், தரை சேறாகும். அதனால் இலக்கைக் குளிர்ந்த பக்கத்தில் வையுங்கள்: அங்கே 70–80. சூடான பக்கத்தில் 50 வந்தால் போதும். மானியின் உணர்முனையைத் தரையிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில், பாம்பின் முதுகு இருக்கும் மட்டத்தில் பொருத்துங்கள். கூரையில் ஒட்டிய மானி கூரையைப் பற்றித்தான் சொல்லும்.

படுக்கைக்கு எந்தப் பொருள் சிறந்தது?

பால் பைத்தானுக்கு என்று கேட்டால், தேங்காய் மட்டைத் துண்டும் தென்னை நார்க்கழிவும் (கோகோபீட்) கலந்த கலவை. அளவு: மட்டைத் துண்டு 60 பங்கு, நார்க்கழிவு 40 பங்கு.

மட்டைத் துண்டு தனக்குள் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். துண்டுகளுக்கு நடுவே காற்று போக இடம் இருக்கும். மேற்பரப்பு சீக்கிரம் காயும். நார்க்கழிவு அடியில் நீரைப் பிடித்து வைத்து நாள் கணக்கில் மெல்ல மெல்ல ஆவியாக விடும். நார்க்கழிவை மட்டும் போட்டால் என்ன ஆகும்? காய்ந்தால் தூசி பறந்து மூக்குத் துளையில் அடையும், நனைந்தால் பாம்பின் உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும். மட்டைத் துண்டை மட்டும் போட்டால் ஊற்றிய தண்ணீர் நேராக அடிக்குப் போய்த் தேங்கும். இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது சரிக்கட்டுகிறது.

அமெரிக்காவில் சைப்ரஸ் மரப்பட்டைத் தூள் எளிதாகக் கிடைக்கிறது. அதுவும் ஈரத்தை நன்றாகத் தாங்கும், சீக்கிரம் பூஞ்சை பிடிக்காது. வாங்கும்போது பையில் சைப்ரஸ் மட்டும்தான் இருக்கிறதா, சாயமோ களைக்கொல்லியோ சேர்த்ததா என்று பார்க்க வேண்டும். ஆர்க்கிட் செடிக்கு விற்கும் ஃபர் மரப்பட்டை நல்லதுதான், ஆனால் நீரைப் பிடித்துவைக்கும் திறன் குறைவு. தனியாகப் போட்டால் அடிக்கடி தண்ணீர் ஊற்ற நேரும்.

தோட்டக் கடையில் விற்கும் கோகோபீட் கட்டியை வாங்கலாமா?

வாங்கலாம், இரண்டு விஷயம் பார்த்து. முதலாவது, உரம் கலக்காததாக இருக்க வேண்டும். இரண்டாவது, உப்பு. கடலோரத் தென்னையின் மட்டையிலும், உப்பங்கழியில் ஊறவைத்த மட்டையிலும் உப்பு தங்கிவிடும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து உலகமெங்கும் ஏற்றுமதியாகும் கட்டிகளில் "கழுவியது", "குறைந்த ஈ.சி." என்று அச்சிட்டிருப்பார்கள்; ஈ.சி. என்பது உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், அது 0.5-க்குக் கீழே இருந்தால் உப்பு போதிய அளவு கழுவப்பட்டது என்று பொருள். அச்சிடாத கட்டி என்றால் நீங்களே ஊறவைத்து, துணியில் கட்டிப் பிழிந்து, புதுத் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள்.

650 கிராம் கட்டி ஒன்றுக்கு 3 முதல் 4 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். அரை மணி நேரத்தில் 8–9 லிட்டர் அளவுக்குப் பொங்கி வரும். அப்படியே எடுத்துக் கூண்டில் கொட்டாதீர்கள். அது கூண்டுக்கு மிக அதிக ஈரம். விரிப்பில் பரப்பி ஒரு நாள் ஆறவிடுங்கள். ஒரு பிடி அள்ளி முழு பலத்தோடு இறுக்குங்கள். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் இன்னும் காய வேண்டும். கையைத் திறந்ததும் உருண்டை நிற்க வேண்டும், கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம்.

எவ்வளவு ஆழம் போட வேண்டும்? எத்தனை லிட்டர் வாங்குவது?

8 முதல் 10 செ.மீ. ஆழம். இரண்டு செ.மீ. மட்டும் பரப்பினால் ஊற்றிய தண்ணீர் முழுவதும் மேற்பரப்பிலேயே இருக்கும்: இன்று சேறு, நாளை மறுநாள் தூசி. ஆழம் இருந்தால்தான் அடி ஈரமாகவும் மேல் உலர்ந்தும் இருக்க முடியும்.

கணக்கு எளிது: நீளம் × அகலம் × ஆழம், எல்லாம் செ.மீ.-இல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். வளர்ந்த பாம்புக்கான 120 × 60 செ.மீ. கூண்டில் 10 செ.மீ. ஆழத்துக்கு 72 லிட்டர். மேலே சொன்ன விகிதப்படி மட்டைத் துண்டு சுமார் 43 லிட்டர், நார்க்கழிவு 29 லிட்டர், அதாவது 650 கிராம் கட்டி மூன்றுக்குச் சற்று மேல். முதல் மாதத்தில் கலவை அமுங்கும் என்பதால் ஒரு கட்டி கூடுதலாக வைத்திருங்கள். ஈரமான நிலையில் இது 25 கிலோவுக்கு மேல் எடை வரும். கூண்டை வைத்திருக்கும் மேசை அதைத் தாங்குமா என்று முன்பே பார்த்துவிடுவது நல்லது.

தண்ணீரை எப்படி ஊற்றுவது?

மூலையில் ஊற்றுங்கள். நான்கு மூலைகளிலும் படுக்கையைக் கையால் விலக்கி, கூண்டின் அடித்தளம் தெரியும்படி ஒரு குழி செய்து, நீண்ட மூக்குள்ள பூவாளியால் ஒவ்வொன்றிலும் அரை லிட்டர். மொத்தம் 2 லிட்டர். குழியை மூடிவிடுங்கள். நீர் அடியில் பக்கவாட்டில் பரவி, மேலே உள்ள அடுக்கு வழியாக ஆவியாக வெளியேறும்.

மறுநாள் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். முதல் கணு வரை உலர்ந்தும், அதற்குக் கீழே குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். அடியில் தண்ணீர் நின்றால் அளவைப் பாதியாக்குங்கள். இரண்டு நாள் கழித்தும் மானி 60-க்குக் கீழே என்றால் மூலைக்குக் கால் லிட்டர் கூட்டுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அளவு உண்டு. இரண்டு மூன்று வாரத்தில் அது பிடிபட்டுவிடும். அதன்பின் வாரம் ஒரு முறையோ பத்து நாளைக்கு ஒரு முறையோ ஊற்றினால் போதும். வாரம் ஒரு முறை படுக்கையை அடிவரை புரட்டிவிடுங்கள், ஒரே இடத்தில் ஈரம் கட்டி நாற்றம் எடுக்காமல் இருக்கும்.

கூண்டு பலகையால் ஆனதென்றால் இதைச் செய்யுமுன் உட்புற மூட்டுகள் அனைத்தையும் பூஞ்சைத் தடுப்பு மருந்து சேராத மீன்தொட்டி சிலிக்கோனால் அடைத்து, மூன்று நாள் காயவிட வேண்டும். அடைக்காவிட்டால் மூலையில் ஊறும் நீர் மெலமைன் பலகையை உப்பவைத்துவிடும்.

தினமும் ஸ்பிரே அடித்தால் போதாதா?

ஸ்பிரே அடித்ததும் மானி 90-க்கு எகிறும். ஒரு மணி நேரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடும். இடைப்பட்ட நேரத்தில் நனைந்தது எது? படுக்கையின் மேற்பரப்பு, பதுங்குமிடத்தின் கூரை, பாம்பின் முதுகு. ஈரப்பதம் தங்கவில்லை, தரை மட்டும் நனைந்தது. செதில் அழுகலுக்கு இதைவிட நேரான வழி இல்லை. சட்டை உரிக்கும் வாரத்தில் துணைக்கு ஒருமுறை அடிக்கலாம், அவ்வளவுதான்.

புகைபோல நீராவி விடும் ஃபாகர்?

வேண்டாம். அதன் தொட்டியில் தேங்கும் வெதுவெதுப்பான நீரில் பாக்டீரியா பெருகும். அதை நுண்துளியாக்கி நேராக நுரையீரலுக்கு அனுப்புகிறோம். படுக்கையும் மூடியும் சரியாக அமைந்த கூண்டுக்கு அது தேவைப்படாது.

எவ்வளவு ஊற்றினாலும் ஈரப்பதம் நிற்கவில்லை. ஏன்?

முதலில் மேலே பாருங்கள். கண்ணாடித் தொட்டியின் மேல்மூடி முழுவதும் கம்பிவலை என்றால் காரணம் அதுதான். சூடான ஈரக் காற்று மேலே எழுந்து வலை வழியாக வெளியேறும்; வெளியே உள்ள உலர்ந்த காற்று உள்ளே இறங்கும். நாளெல்லாம் நடக்கும் இந்தச் சுழற்சியை வெப்ப விளக்கு இன்னும் வேகப்படுத்துகிறது.

வலையின் 80 முதல் 90 சதவீதப் பரப்பை அடையுங்கள். விளக்குக் கூட்டுக்கு அருகே, குழாய் வேலைக்குப் பயன்படும் அலுமினிய ஒட்டுநாடா. மற்ற இடத்தில் அளவாக வெட்டிய அக்ரிலிக் தகடு. விளக்கைத் தொடும் இடத்தில் பிளாஸ்டிக் எதுவும் கூடாது. விளக்குக் கூட்டைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி விடுங்கள். ஒட்டுநாடாவை வலையின் வெளிப்புறத்தில்தான் ஒட்ட வேண்டும். அதன் பசைப் பக்கம் வலைக்கண் வழியாக உள்ளே தெரியும் இடத்தில் மற்றொரு துண்டை எதிர்ப்பக்கம் ஒட்டி மூடிவிடுங்கள். பாம்பின் தோலில் பசை ஒட்டினால் செதிலோடு உரிந்து வரும்.

புதிதாக வாங்குபவர்களுக்கு நம் பரிந்துரை, முன்பக்கம் திறக்கும் பி.வி.சி. கூண்டு. பக்கச் சுவரில் மட்டும் காற்றுத்துளை இருப்பதால் பாதித் தொல்லை தொடங்கும் முன்பே தீர்ந்துவிடுகிறது.

கூண்டின் அடியில் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) இருக்கிறது. அதன்மேல் 10 செ.மீ. படுக்கை போடலாமா?

கூடாது. இது ஆபத்தான கூட்டு. ஆழமான படுக்கை கம்பளிபோல வெப்பத்தை அடியிலேயே பிடித்துவைக்கும். மேலே வெப்பமானி 27 டிகிரி காட்டும். அடியில் கண்ணாடி 40-ஐத் தாண்டியிருக்கும். மேலே சூடு போதவில்லை என்று பாம்பு குடைந்து இறங்கும், கண்ணாடியில் வயிற்றைப் பதித்துப் படுக்கும். பாம்பு சுட்ட இடத்தை விட்டு உடனே விலகும் என்று நம்ப முடியாது. அப்படியே கிடந்து வெந்துபோன பாம்புகளை மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

ஆழமான படுக்கை வேண்டுமென்றால் வெப்பம் மேலிருந்து வரட்டும்: ஹாலோஜன் விளக்கு, செராமிக் ஹீட்டர், கூரையில் பொருத்தும் வெப்பப் பலகை. எதுவானாலும் தெர்மோஸ்டாட் (வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் ஒரு நாள்கூட ஓடக் கூடாது. விளக்கும் ஹீட்டரும் கூண்டுக்குள் இருந்தால் கம்பிக்கூடு போட்டு மூடுங்கள். ஹீட் மேட்தான் இருக்கிறது என்றால் அதன்மேல் உள்ள படுக்கை 2 செ.மீ.-க்கு மேல் போகக் கூடாது, தெர்மோஸ்டாட்டின் உணர்முனை ஹீட் மேட்டின்மேலேயே பதிந்திருக்க வேண்டும், ஈரத்துக்கு ஈரப் பெட்டி வைக்க வேண்டும்.

ஈரப் பெட்டி என்றால் என்ன? எப்படிச் செய்வது?

மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, பாம்பு சுருண்டால் பக்கங்களைத் தொடும் அளவு. பக்கத்தில் பாம்பின் தடித்த பகுதியைப் போல ஒன்றரை மடங்கு அகலத்துக்குத் துளை. ஓரத்தை உப்புத்தாள் கொண்டு தேய்த்துக் கூர்மை போக்குங்கள். உள்ளே ஸ்பாக்னம் பாசியை ஊறவைத்துப் பிழிந்து நிரப்புங்கள். பிழிந்தபின் உதறினால் ஒரு துளியும் விழக் கூடாது. சூடும் குளிரும் சந்திக்கும் நடுப்பகுதியில் வைக்க வேண்டும். பாசியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பாம்பு அதில் மலம் கழித்தால் அன்றே மாற்றுங்கள்.

பாம்பு இதற்குள்ளேயே வாரக்கணக்கில் குடியிருந்தால் அது ஒரு செய்தி: கூண்டின் மற்ற இடங்கள் வறண்டிருக்கின்றன. தண்ணீர்ப் பாத்திரத்தில் நாளெல்லாம் ஊறிக்கிடந்தாலும் அப்படியே; கூடவே உண்ணி இருக்கிறதா என்றும் பாருங்கள். தாடைக்கு அடியிலும் கண் விளிம்பிலும் கருமணல் போல நகரும், தண்ணீரில் செத்து மிதக்கும்.

செய்தித்தாள், சமையலறைத் தாள் போடலாமா?

புதிதாக வந்த பாம்பைத் தனிமைப்படுத்தும் இரண்டு மூன்று மாதங்களுக்கு அதுவே சரியான படுக்கை. மலத்தின் தன்மை, இரத்தம், உண்ணி எல்லாம் வெள்ளைத் தாளில் உடனே தெரியும். காயம் ஆறும் பாம்புக்கும் அப்படியே. ஆனால் தாள் ஈரத்தைத் தாங்காது. கூடவே ஈரப் பெட்டி கட்டாயம். நிரந்தரப் படுக்கையாகத் தாளைப் போட்டால் குடைந்து பதுங்கும் பிராணிக்குக் குடைய ஒன்றும் இருக்காது.

எதையெல்லாம் கட்டாயம் தவிர்க்க வேண்டும்?

சீடர் மரச்சீவல் முதலிடம். துணிப் பூச்சியை விரட்டும் அதன் வாசனை எண்ணெய்தான் பாம்பின் நுரையீரலையும் எரிக்கும். பைன் சீவலையும் தவிருங்கள். சூளையில் உலர்த்தியதைச் சிலர் பயன்படுத்துகிறார்கள், வேறு பொருள் கிடைக்கும்போது அதற்குத் தேவை இல்லை. பூனைக் கழிவு மண், கால்சியம் மணல், வால்நட் ஓட்டுத் தூள், சரளைக்கல் எதுவும் வேண்டாம். கடைகளில் விற்கும் பச்சைக் கம்பளம் பார்க்கச் சுத்தமாக இருக்கும். இழைக்குள் கழிவு ஊறி, துவைத்தாலும் முழுதாகப் போகாது. பாம்பின் பல்லும் செதிலும் இழையில் மாட்டும்.

ஆஸ்பென் மரச்சீவல் கெட்ட பொருள் அல்ல, இந்தப் பாம்புக்குப் பொருந்தாதது. ஈரம் பட்டால் இரண்டே நாளில் பூஞ்சை பூக்கும். ஈரம் குறைவாகக் கேட்கும் மேற்கத்திய ஹாக்னோஸ் பாம்புக்கு அது அருமையான படுக்கை. சுரங்கம் தோண்டினால் இடியாமல் நிற்கும்.

ஈரப்பதமானியை எந்த அளவு நம்பலாம்?

முள் வைத்த வட்ட மானியை நம்பாதீர்கள். 20 சதவீதம் தவறாகக் காட்டினாலும் ஆச்சரியமில்லை. டிஜிட்டல் மானியை வாங்கிய அன்றே சமையலறை உப்பை வைத்துச் சோதியுங்கள். பாட்டில் மூடி ஒன்றில் உப்பு எடுத்து, ஈர மணல் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து நீராகிவிடக் கூடாது. மூடியையும் மானியையும் காற்றுப் புகாத பையில் வைத்து, ஒன்றையொன்று தொடாமல் மூடி, வெப்பம் மாறாத அறையில் 12 மணி நேரம் விடுங்கள். ஈர உப்புக்கு மேலுள்ள காற்று 75 சதவீதத்தில் நிற்கும். இது இயற்பியல் விதி. மானி 70 காட்டினால் இனி எப்போதும் 5 கூட்டிப் படிக்க வேண்டும். அதே எண்ணை மானியின் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை திரும்பச் சோதித்தால் போதும்.

கண்ணாடியில் நீர் பூத்திருக்கிறது. ஈரம் அதிகமா?

வெளி அறை குளிர்ந்திருந்தால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 28 டிகிரியில் 80 சதவீதம் ஈரமுள்ள காற்று, 24 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராகும். உங்கள் அறை 20 டிகிரி என்றால் கண்ணாடி வியர்ப்பது இயல்பு. காலையில் பூத்து மதியத்தில் மறைந்தால் விட்டுவிடுங்கள். நாள் முழுதும் வழிந்து படுக்கையின் ஓரத்தை நனைத்தால் காற்றுத்துளையைச் சற்று திறக்க வேண்டும்.

குளிர்காலத்தில் ஈரப்பதம் ஒரேயடியாக விழுந்துவிடுகிறதே?

டொராண்டோ, ஓஸ்லோ போன்ற ஊர்களில் இருப்பவர்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் கேட்பது. வெளியே மைனஸ் 10 டிகிரியில் 80 சதவீதம் ஈரமுள்ள காற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு அருகே விழும். சமையல், குளியல், மனித மூச்சு எல்லாம் சேர்ந்து அதை 25–30-க்கு உயர்த்தும். அந்தக் காற்றுதான் கூண்டுக்குள் நுழைகிறது. நீர் ஊற்றும் அளவைக் கூட்டுவதைவிட, மூடியில் இன்னும் கொஞ்சம் அடைத்து, அறையில் ஒரு ஈரமூட்டி வைத்து அறையின் ஈரத்தையே 40-க்குக் கொண்டுவருவது மேல். ரேடியேட்டருக்கும் சூடான காற்று வரும் துளைக்கும் பக்கத்தில் கூண்டை வைக்காதீர்கள்.

கடலோர வெப்ப நாடுகளில் சிக்கல் தலைகீழ். சென்னையிலோ பினாங்கிலோ அறைக் காற்றே 70-ஐத் தாண்டும். அங்கே ஊற்றுவதைக் குறைத்து, காற்றோட்டத்தைக் கூட்டி, படுக்கையை அடிக்கடி புரட்ட வேண்டும். இரவெல்லாம் ஏ.சி. ஓடும் அறை என்றால் அது ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும். அந்த அறைக்கு இரவிலும் ஒருமுறை மானியைப் பாருங்கள்.

சட்டை துண்டு துண்டாக உரிந்திருக்கிறது. என்ன செய்வது?

உரியும் முன்பே அறிகுறி தெரியும். கண் பால் படிந்ததுபோல் மங்கும், வயிறு இளஞ்சிவப்பாகும். சில நாளில் கண் தெளியும். அதிலிருந்து மூன்று முதல் ஐந்து நாளில் சட்டை கழலும். கண் மங்கியதுமே ஈரப்பதத்தை 75–80-க்கு உயர்த்துங்கள். நல்ல சட்டை காலுறை கழற்றியதுபோல் ஒரே துண்டாக, வால்நுனியும் இரண்டு கண்மூடியும் (கண்ணின்மேல் உள்ள தோல்) சேர்ந்து வரும். ஒவ்வொரு முறையும் அதைப் பிரித்து அந்த மூன்றையும் பாருங்கள்.

சட்டையின் துண்டு உடம்பில் ஒட்டியிருந்தால் காற்றுத்துளை உள்ள பெட்டியில் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துவாலையைச் சுருட்டிப் போட்டு, 28–30 டிகிரியில் முக்கால் மணி நேரம் பாம்பை விடுங்கள். துணி மடிப்புகளுக்குள் நுழைந்து வரும்போதே பெரும்பாலும் கழன்றுவிடும். வால்நுனியில் வளையமாக நின்றால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு நுனி கருகும். அதை விட்டுவைக்கக் கூடாது. கண்மூடி ஒட்டியிருந்தால் நகத்தாலோ இடுக்கியாலோ தொடவே தொடாதீர்கள். கீழே உள்ள உயிருள்ள படலமும் சேர்ந்து பிய்ந்து கண்ணே போகும். ஈரத்தைச் சரிசெய்து அடுத்த உரிப்புக்குக் காத்திருங்கள். அப்போதும் வராவிட்டால் மருத்துவர்.

வயிறு சிவந்திருக்கிறது, பழுப்புப் புள்ளியும் தெரிகிறது.

சட்டை உரிக்கும் நேரத்து இளஞ்சிவப்பு என்றால் தானே மறையும். உரிப்புக்குத் தொடர்பில்லாமல் செதில் ஓரங்கள் பழுப்பேறி, கொப்புளம் தெரிந்தால் செதில் அழுகல். நனைந்த தரை, அழுக்கு, போதாத சூடு மூன்றும் சேரும் இடத்தில் வரும். அன்றே உலர்ந்த தாளுக்கு மாற்றுங்கள், வெப்பத்தைச் சரிபாருங்கள், தாளைத் தினமும் மாற்றுங்கள். கொப்புளமோ திறந்த புண்ணோ இருந்தால் ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். கைமருந்து தடவிக்கொண்டு நாளைக் கடத்தினால் கிருமி இரத்தத்தில் கலக்கும்.

வாயைத் திறந்து மூச்சுவிடுவது, மூச்சில் விசில் அல்லது சொடுக்குச் சத்தம், வாயோரம் நுரை, தலையை மேல்நோக்கித் தூக்கியே வைத்திருப்பது ஆகியவை நுரையீரல் தொற்றின் அறிகுறிகள். குளிரும் ஈரமும் சேர்ந்தால் வரும். பைத்தான்களில் நைடோவைரஸாலும் வரும். இதற்கும் மருத்துவர்தான், காத்திருக்கும் வேலை இல்லை.

படுக்கையில் பூஞ்சை பிடித்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டுமா?

மரக்கிளையிலும் புதுப் பட்டையிலும் முதல் சில வாரம் வெண்பஞ்சு போலப் படர்வது உண்டு. அந்த இடத்தை அள்ளிப் போட்டுவிட்டுப் புரட்டிவிடுங்கள். ஸ்பிரிங்டெயில் என்னும் வெள்ளைச் சிற்றுயிரை ஒரு டப்பா வாங்கி ஈர மூலையில் கொட்டினால் அவை பூஞ்சையைத் தின்றே பெருகும். பாம்புக்கு எந்தத் தீங்கும் இல்லை. கருமை அல்லது பச்சைப் பூஞ்சை திரும்பத் திரும்ப வந்தாலோ, படுக்கை புளித்த நாற்றம் எடுத்தாலோ அடியில் நீர் தேங்கி அழுகுகிறது என்று பொருள். அப்போது முழுவதும் மாற்றுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

மலம் கண்ட அன்றே சுற்றியுள்ள இரண்டு கைப்பிடிப் படுக்கையோடு அள்ளிவிடுங்கள். சிறுநீர்க் கழிவான வெள்ளைக் கட்டியையும் பாருங்கள்: வெள்ளையாக, மென்மையாக இருந்தால் பாம்பு போதிய நீர் குடிக்கிறது, மஞ்சளாகக் கல்போல இருந்தால் உடம்பில் நீர் குறைவு. முழுப் படுக்கையை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம். காலியான கூண்டை ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, அலசி, வாசனை துளியும் இல்லாமல் காயவைத்த பிறகே புதுப் படுக்கை போட வேண்டும்.

இரையோடு மட்டைத் துண்டையும் விழுங்கிவிட்டது. ஆபத்தா?

ஓரிரு சிறு துண்டு மலத்தோடு வெளியேறும். சரியான சூடும் போதிய தண்ணீரும் உள்ள பாம்புக்குக் குடல் அடைப்பு அரிது. இரையைத் தாளில் ஒற்றி ஈரம் நீக்கி, நீண்ட இடுக்கியால் கொடுங்கள், ஒட்டுவது குறையும். உணவு கொடுக்க வேறு பெட்டிக்கு மாற்றத் தேவையில்லை. விழுங்கிய கையோடு தூக்கினால் கக்கிவிடும்.

வேறு பாம்புகளுக்கும் இதே அளவா?

இல்லை. கார்ன் ஸ்நேக்குக்கு 45–60 சதவீத ஈரப்பதம் போதும். மேல்மண் 60, கழுவிய மணல் 40 என்ற கலவையிலும் நன்றாக வாழும். கென்ய மண்ணுளிக்கு உலர்ந்த படுக்கை, ஒரு மூலையில் மட்டும் ஈரம். பிரேசில் ரெயின்போ போவாவுக்கு 75–90. அதை ஒருநாள் வறளவிட்டாலும் தாங்காது, குட்டியாக இருக்கும்போது இன்னும் அதிகம்.

இந்தியாவில் வளர்க்கச் சட்டம் இடம் தருகிறதா?

சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு போன்ற நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் வெளிநாட்டு இனம், சைட்டிஸ் (காட்டுயிர் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளது. 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சிங்கப்பூரில் பாம்பை வளர்ப்புப் பிராணியாக வைக்கவே அனுமதி இல்லை. மலேசியாவில் வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும். சான்றில்லாத குட்டியை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பைக்குள் திணித்துக் கடத்திவந்தவற்றில் உயிரோடு வந்து சேராதவையும் உண்டு.

இரண்டு வாரம் ஊருக்குப் போகிறேன். கூண்டு தாங்குமா?

வளர்ந்த, நலமான பாம்பு இரண்டு வாரம் இரையில்லாமல் இருக்கும். தண்ணீரும் வெப்பமும்தான் கவலை. கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே மூலைகளில் ஊற்றி, மானி 75-இல் நிற்கிறதா என்று பாருங்கள். கிளம்பும் அன்று ஊற்றினால் அளவு தவறினாலும் திருத்த முடியாது. கடைசி இரையைக் குறைந்தது ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். கவிழாத கனமான பாத்திரம் இரண்டில் தண்ணீர், ஒன்று குளிர்ந்த பக்கத்தில். நான்கு நாளைக்கு ஒருமுறை வந்து பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்து, அவருக்கு மூன்று வேலை மட்டும் எழுதிக் கொடுங்கள்: தண்ணீரை மாற்றுவது, இரண்டு மானியின் எண்ணைப் படமெடுத்து அனுப்புவது, கூண்டைத் திரும்பப் பூட்டுவது.